பொட்டெடம்

வெயிலில் வெந்த சிமெண்டுக் களத்தில் வெறுங்காலோடு நிற்கும்போது முதலில் சுடுவது குதிகால்தான். குதிகாலைத் தூக்கினால் விரல்நுனி சுடும். விரலை மடக்கினால் உடம்பு ஆடும். உடம்பு ஆடினால், எதிரே கேமராவைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும் அப்பா, "ஆடாத அம்மிணி, ஆடுனா ரெண்டு மூஞ்சி உழுகும்" என்று அதட்டுவார். செருப்புப் போட்டுக்கொள்ள அனுமதி கிடையாது, படத்தில் செருப்பு விழுவது அவருக்கு ஆகாது. சூரியன் முகத்துக்கு நேரே இருக்க வேண்டும், ஆனால் கண்ணைச் சுருக்கக் கூடாது. சிரிக்க வேண்டும், ஆனால் பல் தெரியக் கூடாது. இளமைக்கால நினைவு என்றதும் மற்றவர்களுக்கு மாங்காயும் மழையும் வருகின்றன, எனக்கு இந்தச் சூடுதான் வருகிறது. இதை எழுத உட்கார்ந்தபோதே கொஞ்சம் அலுப்பாகத்தான் இருந்தது.

அப்பா சொந்த லாரி ஓட்டியவர். சங்ககிரிக்குப் பக்கத்தில், மலைக்கோட்டை தெரிகிற தூரத்தில், எங்கள் காட்டுக்கு நடுவே வீடு. காடு என்றால் மரம் அடர்ந்த காடு அல்ல, எங்கள் பக்கத்தில் விளைநிலத்துக்கு அதுதான் பெயர். வெள்ளாமை கைவிட்ட ஏதோ ஒரு வருடத்தில் அப்பா காட்டை நம்பாமல் லாரிக்கு மாறினார், எங்கள் பக்கம் பாதிப் பேர் அப்படி மாறியவர்கள்தான். 'வடக்கே லைன்' என்று கிளம்பினால் பம்பாய், அகமதாபாத் என்று சுற்றுவார், எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. அப்படி ஒருமுறை பம்பாயில் லோடு இறக்கிவிட்டு, திரும்பி வருவதற்குச் சரக்கு கிடைக்காமல் காத்துக் கிடந்தபோது, துறைமுகத்துப் பக்கம் ஒரு சந்தில் பழைய சாமான் விற்கிறவனிடம் அந்த ஜப்பான் கேமராவை வாங்கி வந்தார். அதற்கு முன்னால் போட்டோ எடுப்பதைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று கேட்டால், ஒன்றும் தெரியாது. "எதுக்குங்க இது?" என்று அம்மா கேட்டதற்கு, "பாத்தேன், புடிச்சிருந்துச்சு" என்றார். அவ்வளவுதான் அவருடைய விளக்கம்.

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'பொட்டி'. பழுப்புத் தோல் உறைக்குள், தலைப்பக்கம் வெள்ளியாக மின்னிக்கொண்டு, கையில் வாங்கினால் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருக்கும். அதில் தூரத்தைச் சரிபார்க்க உள்ளே இரண்டு உருவம் தெரிய வேண்டும், இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால் படம் தெளிவாக விழும். எங்கள் பொட்டியில் அந்த இரண்டாவது உருவம் வாங்கும்போதே மங்கிப் போயிருந்தது. வேறு யாராவது என்றால் ரிப்பேருக்குக் கொடுத்திருப்பார்கள். அப்பா லாரிக்காரர். தார்ப்பாய் கட்டும் கயிற்றை எடுத்து, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, ஒரு நுனியை என் மூக்கில் வைத்துப் பிடிக்கச் சொல்லி, மறு நுனியை இழுத்துக்கொண்டு போய், முடிச்சை எண்ணிப் பொட்டியின் வளையத்தைத் திருப்புவார். அந்தக் கயிற்றில் டீசலும் புழுதியும் உரச்சாக்கும் கலந்து அடித்த வாடை என் ஒவ்வொரு சிறுவயதுப் படத்துக்குப் பின்னாலும் இருக்கிறது. படத்தில் நான் மூக்கைச் சுளித்தபடி இருப்பதற்கு அதுதான் காரணம், சொந்தக்காரர்கள் நினைப்பதுபோல் திமிர் அல்ல.

ஃபிலிம் ரோல் சேலத்தில்தான் கிடைக்கும். ரோலை மாட்டிவிட்டால் அது முடியும்வரை ஒரு படத்தையும் பார்க்க முடியாது, அது முடியவும் முடியாது, ஏனென்றால் அப்பா வீணாக்க மாட்டார். தம்பி தவழ்ந்ததை எடுத்த படம் அவன் ஓட ஆரம்பித்த பிறகுதான் கைக்கு வந்தது. எதைக் கேட்டாலும் "ரோல் முடியட்டும்" என்பார். ஒரு கோடையில் ரோலை முடிப்பதற்கென்றே எங்களை லாரியில் ஏற்றிப் பனமரத்துப்பட்டி ஏரிக்குக் கூட்டிப்போனார். ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, வெடித்த மண்தான் கிடந்தது. வந்தது வந்தாயிற்று என்று அதன் முன்னால் வரிசையாக நிறுத்தி எடுத்தார். யாரோ எங்களைக் கட்டாந்தரையில் இறக்கிவிட்டுப் போய்விட்ட மாதிரி இருக்கிறது அந்தப் படம்.

இவ்வளவு சலித்துக்கொள்கிறேனே, எங்கள் வீட்டில் அந்தப் பொட்டியை மனசாரக் கொண்டாடிய ஆள் ஒருத்தி இருந்தாள். அது அம்மா. ராசிபுரத்தில் நெய் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணத்தன்று எடுத்ததைத் தவிர அவளை யாரும் படம் எடுத்ததில்லை. அப்பா உறையைத் திறக்கும் சத்தம் கேட்டாலே உள்ளே போய் முகம் கழுவி, சேலை மாற்றி, தலைக்குக் கொஞ்சம் பூ வைத்துக்கொண்டு வந்து நிற்பாள். "இப்புடி நிக்கட்டுங்களா, இல்ல அப்புடி நிக்கட்டுங்களா?" என்று அப்பாவையே கேட்பாள். அப்பாவும் அப்போதெல்லாம் அவளை விதவிதமாக நிறுத்தி எடுத்தார். லாரியின் பம்பரில் கை ஊன்றி, கிணற்று மேட்டில், கறவை மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்று சில படங்கள் உண்டு. எல்லாவற்றிலும் பல் தெரியச் சிரிக்கிறாள், பல் தெரியக் கூடாது என்ற சட்டம் அவளுக்கு மட்டும் இல்லை. பிரிண்ட் வந்ததும் ராசிபுரத்துக்குப் பஸ் ஏறி, தன் தம்பியிடம், அதாவது என் மாமனிடம், காட்டிவிட்டு வந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

நான் நான்காவதோ ஐந்தாவதோ படித்தபோது பொட்டிக்கு உடம்புக்கு வந்தது. பட்டனை அமுக்கினால் உள்ளே உள்ள தகடுகள் திறந்து மூட வேண்டும், அந்தத் தகடுகள் பாதியில் நின்றுகொண்டன. லாரி கேபினில் வைத்து வடக்கே முழுக்கச் சுற்றியதில் புழுதி இறங்கியிருக்கும். சேலத்தில் கொடுத்துப் பார்க்கலாம் என்று மாமன் சொன்னார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நடுரோட்டுல எஞ்சினப் பிரிச்சுக் கோத்தவன் நான், எனக்கு இதொரு வேலையா?" என்று வீட்டுக்குள் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார். எதுவும் ஓடவில்லை என்றால் அவர் முதலில் தேடுவது எண்ணெயைத்தான், "காஞ்சு கெடந்தா கத்தத்தான் செய்யும்" என்பது லாரிக்கும் கதவுக்கும் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கும் அவர் வைத்திருந்த ஒரே வைத்தியம். அம்மாவின் தையல் மிசினுக்கு விடும் எண்ணெயைக் குழாயோடு எடுத்துவரச் சொல்லி, ஊசி முனையில் தொட்டுத் தகட்டில் வைத்தார். அமுக்கினார், 'டக்' என்று திறந்து மூடியது. இன்னும் கொஞ்சம் வைத்தார். அன்று பூராவும் ஃபிலிம் இல்லாமலேயே எல்லோரையும் அமுக்கி அமுக்கி எடுத்துக்கொண்டிருந்தார், அவ்வளவு சந்தோஷம்.

அதன் பிறகு வந்ததுதான் ஆயுதபூசை. லாரிக்காரர்கள் ஊரில் ஆயுதபூசை தீபாவளியைவிடப் பெரியது. அப்பா எந்த மூலையில் இருந்தாலும் அன்றைக்கு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். லாரியைக் கழுவி, முன்னால் வாழைக்கன்று கட்டி, சாமந்திமாலை போட்டு, களத்தில் நிறுத்தியாயிற்று. அதற்கு முன்னால் சாக்கை விரித்து ஜாக்கி, ஸ்பேனர், கடப்பாரை, அரிவாள், தையல் மிசின், எங்கள் பாடப் புத்தகம் எல்லாம் வரிசையாக வைத்திருந்தது. அந்த வரிசையின் கடைசியில் உறையைக் கழற்றிப் பொட்டியையும் வைத்தது அப்பாதான். அம்மா சந்தனக் கிண்ணமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தபடி வந்தாள். லாரிக்கு நெற்றியில், ஜாக்கிக்குத் தலையில், மிசினுக்குச் சக்கரத்தில். பொட்டியிடம் வந்ததும் ஒரு நிமிடம் யோசித்தாள், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிறகு அதன் முன்பக்கம் உருண்டையாகப் பளபளத்த கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமத்தை வைத்தாள். பொட்டு என்றால் முகத்தில்தானே வைக்க வேண்டும், பொட்டிக்கு முகம் அதுதானே.

பூசையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக் கூடாது. மறுநாள் அப்பா எடுத்துப் பார்த்தபோது சந்தனம் காய்ந்து வெடித்துக் கண்ணாடியைப் பிடித்திருந்தது. அவர் போட்ட சத்தத்தில் தம்பி அழுதுவிட்டான். "கண்ணுல யாராச்சும் பொட்டு வெப்பாங்களா? உன்ற கண்ணுல வெச்சா நீ பாப்பியா?" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினார். அம்மா, "தெரியாம வெச்சுப்புட்டனுங்க" என்றாள். எத்தனை முறை சொல்லியிருப்பாள் தெரியாது. வண்டி துடைக்கிற நூல் கழிவைப் பெட்ரோலில் நனைத்து அப்பா அந்தக் கண்ணாடியைத் துடைத்தார். பொட்டு போய்விட்டது, நல்ல வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் மயிரிழை போலச் சில கீறல்கள் தெரிந்தன.

அடுத்த ரோல் கழுவி வந்தபோது எல்லாப் படமும் வெளுத்திருந்தது. புகைக்குள் நின்று எடுத்த மாதிரி இருந்தது. முதல் படத்தில் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் நடுவில் தம்பி நின்றான், அவன் முகமே கரைந்து போயிருந்தது. அப்பா அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியின் நடுவில் பொட்டு, படத்தின் நடுவில் வெளுப்பு, கணக்கு அவருக்கு நேராகிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு புதுச் சொல் உண்டானது, 'பொட்டெடம்'. படம் எடுக்க நிறுத்தும்போது, "பொட்டெடத்த உட்டுட்டு நில்லுங்க" என்பார். அதாவது நடுவில் யாரும் நிற்கக் கூடாது. எங்கள் ஆல்பத்தில் அதன் பிறகு வரும் ஒவ்வொரு படத்திலும் நாங்கள் இரண்டு பக்கமாக ஒதுங்கி, நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நிற்கிறோம். பார்க்க வருகிறவர்கள், "நடுவுல யாரு, வெட்டி எடுத்துட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஓரத்தில் நின்றாலும் வெளுப்பாகத்தான் விழுந்தது, ஆனால் அப்பா, "பாரு, இப்பத் தேவுல" என்பார். நாங்களும் தேவலை என்று நம்பினோம்.

கோபம் போய்விட்டது, கேலி போகவில்லை. எனக்கு இன்றைக்கும் பொறுக்காமல் இருப்பது அந்தக் கேலிதான். சத்தம் போட்டால் இரண்டு நாளில் ஓய்ந்துவிடும், கேலி வீட்டோடு குடியிருக்கும். சாம்பாரில் உப்பு கூடினால், "பொட்டு வெச்ச கையில்ல" என்பார். வந்தவர்களுக்கு ஆல்பத்தைக் காட்டும்போது, "இதெல்லாம் எங்கூட்டுக்காரி ஆசீர்வாதம் பண்ணுன படம்" என்று தொடங்குவார். வந்தவர்கள் சிரிப்பார்கள், அம்மாவும் காப்பித் தம்ளரை வைத்தபடியே சிரிப்பாள். படத்துக்கு நிற்கும்போது மட்டும் முன்போல் நடுவுக்கு வராமல், ஓரத்தில், யாருடைய தோளுக்குப் பின்னாலாவது நின்றாள்.

நான் பெரிய மனுஷி ஆனதும் திரட்டிச் சீர் வைத்தார்கள். பெண் வயதுக்கு வந்தால் எங்கள் பக்கம் செய்கிற சீர் அது. மாமன் ராசிபுரத்திலிருந்து தட்டு வரிசையோடு வந்தார், தன் அக்காவுக்கென்று, அதாவது அம்மாவுக்கு, தனியாக ஒரு பட்டுச்சேலையும் கொண்டுவந்தார், ராசிபுரத்துத் தறியில் நெய்தது. 'ஒறம்பரை' என்று நாங்கள் சொல்லும் விருந்தாளிக் கூட்டத்தால் களம் நிறைந்திருந்தது. என்னை மாலையோடு நிறுத்திவிட்டு அப்பா பொட்டியை எடுத்தார். அம்மா அந்தப் புதுப்பட்டைக் கட்டிக்கொண்டு, வேர்த்து வழிந்த முகத்தைத் துடைத்தபடி அவசர அவசரமாக வந்து என்னை ஒட்டி நின்றாள். மகளின் சீர் என்ற மகிழ்ச்சியில் இடத்தை மறந்துவிட்டாள், நின்றது பொட்டெடத்தில். அப்பா கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "நீ எதுக்கு புள்ள நிக்கற? உன்ற பொட்டுத்தான் நடுவுல நிக்குதே, அது பத்தாதா?"

களமே சிரித்தது. மாமன் மட்டும் சிரிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான், அவரும் சிரித்தார். நானும் சிரித்தேனா என்று ஞாபகம் இல்லை. அம்மா சிரித்துக்கொண்டே, "அடுப்புல பருப்பு இருக்குதுங்க, தீஞ்சு போயிரும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள். சமையலுக்கு ஆள் வைத்திருந்த நாள் அது. படத்தில் நான் ஒரு பக்கம், மாமன் ஒரு பக்கம், நடுவில் வெளுத்த சுவர்.

அதன் பிறகு அம்மா அந்தப் பொட்டியின் முன்னால் நின்றதே இல்லை. சண்டை போடவில்லை, கோபித்துக்கொண்டதாகவும் சொல்ல முடியாது. படம் எடுக்கும் நேரத்தில் அவளுக்கு ஏதாவது வேலை வந்துவிடும். மாடு அவிழ்த்துக்கொள்ளும், பால் பொங்கும், துணி நனையும். பிள்ளைகள் நாங்கள் கூப்பிட்டால், "நீங்க நில்லுங்க சாமி, நான் வாரேன்" என்பாள், வர மாட்டாள். ஆயுதபூசையன்று பொருள்களையெல்லாம் கழுவி வரிசை வைப்பாள், பொட்டு வைக்கும்போது சந்தனக் கிண்ணத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வாள். நான் கல்லூரிக்குப் போகும்வரை இப்படியே ஓடியது. யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எனக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை.

எனக்குப் படிப்பும் வேலையும் கல்யாணமும் ஆகி நாமக்கல்லுக்கு வந்தேன். விபத்தில் நசுங்கிய லாரிகளின் காப்பீட்டுக் காகிதங்களைப் பார்க்கும் அலுவலக வேலை, நாள் முழுக்க உடைந்த வண்டிகளின் படம்தான். இதில் எனக்குப் படத்தின் மேலேயே வெறுப்பு வந்திருக்க வேண்டும், ஆனால் அப்பாவின் ரத்தம் விடுமா. சேலத்தில் ஒரு பழைய கேமரா வாங்கினேன், அதற்கு ஒரு லென்ஸ், லென்ஸுக்கு ஒரு பை, பையில் இடம் இருக்கிறதே என்று இன்னொரு லென்ஸ். இப்போது செல்போனில் படம் பார்த்தே பழைய கேமரா வாங்க முடிகிறது. விற்கிறவர்கள் எல்லோரும் "நல்லா ஓடுதுங்க மேடம்" என்றுதான் சொல்கிறார்கள், பார்சலைப் பிரித்தால் கண்ணாடிக்குள் பூஞ்சை கோலம் போட்டிருக்கிறது. திருகாணி முடுக்கியும் பஞ்சும் ஸ்பிரிட்டும் வாங்கி நானே பிரிக்கப் பழகினேன். பிரித்ததில் பாதி திரும்பக் கோர்க்க முடியாமல் பிஸ்கெட் டப்பாவில் கிடக்கிறது. "இன்னொரு பொட்டியா?" என்று என் கணவர் கேட்டால் எனக்கும் சொல்லத் தெரிவதில்லை. உண்மையில் வாங்குவதில் இருந்த ஆசை எடுப்பதில் குறைந்துகொண்டே வருகிறது, வயதாகிறது போலிருக்கிறது.

அப்பாவின் பொட்டியும் என்னிடம்தான் இருந்தது. லாரியை விற்ற வருடத்தில், "பொட்டு வெச்சது, இருந்தாலும் ஓடும்" என்று சொல்லிக் கொடுத்திருந்தார். பீரோவுக்குள் போட்டு வைத்ததோடு சரி.

போன மாசியில் அலுவலகத் தோழி வீட்டுக் காதுகுத்துக்கு டிஜிட்டல் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனேன். நல்ல புழுக்கம். காலை முழுவதும் எடுத்துவிட்டு, மூடியைப் போடலாம் என்று கேமராவைத் திருப்பினால், லென்ஸ் கண்ணாடியின் மேல் என்னுடைய ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறது. முதலில் குனிந்து தூசி ஊதினேனே, அப்போது வேர்வையில் நழுவி விழுந்திருக்க வேண்டும். ஒரு காலையை வீணாக்கிவிட்டோமே என்று பதறிப்போய்ப் படங்களைப் பார்த்தேன். எல்லாம் பளிச்சென்று இருந்தன. குழந்தையின் காதில் நின்ற ரத்தத் துளிகூடத் தெளிவாக இருந்தது, பொட்டு எந்தப் படத்திலும் எங்கேயும் இல்லை. கண்ணாடியின் மேல் ஒட்டியது படத்தின் நடுவில் வந்து நிற்காது, கண்ணாடியின் ஒவ்வொரு இடமும் முழுப் படத்தையும்தான் வாங்கித் தருகிறது. லென்ஸ் பிரிக்கிற எனக்கு அது தெரியும், தெரிந்தும் இத்தனை வருடமாக எங்கள் வீட்டுச் சங்கதியோடு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை. காதுகுத்து வீட்டில் பந்திக்குக் கூப்பிட்டார்கள், நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து அப்பாவின் பொட்டியை எடுத்து மேசைமேல் வைத்துப் பிரித்தேன். முன்கண்ணாடியைத் தனியாகக் கழற்றி ஜன்னல் பக்கம் பிடித்தேன். பெட்ரோல் துணியின் கீறல்கள் இருந்தன, அதைத் தாண்டி வெளிச்சம் நன்றாகவே வந்தது. அம்மா தொட்ட கண்ணாடி அது ஒன்றுதான், அந்தக் கீறல்களைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை. அதற்கு அடுத்து, தகடுகளைப் பார்த்தபடி உள்ளே இருந்த கண்ணாடியில் பால் கலந்த மாதிரி ஒரு படலம். விரலால் தொட்டால் வழுக்கியது. தகடுகளின் மேலும் அதே வழுக்கல். இந்தத் தகடுகள் காய்ந்துதான் இருக்க வேண்டும், எண்ணெய் ஆகாது என்பது இதைப் பிரிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாலபாடம். லாரி கேபினின் சூட்டில் அப்பா வைத்த எண்ணெய் கசிந்து, ஆவியாகி, உள்கண்ணாடியில் போய்ப் படிந்திருக்கிறது. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தேன், படலம் வந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக வந்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் சத்தத்தில் போன காது, சத்தமாகச் சொன்னால் கேட்கும். அம்மா கீழே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் என் நெற்றியிலிருந்த பொட்டை எடுத்து, அவள் பார்க்க, என் கேமராவின் கண்ணாடி நடுவில் ஒட்டினேன். அவள் கை சட்டென்று நீண்டு வந்து என் கையைப் பிடித்தது.

"அய்யோ, அதுல வெக்காத சாமி!"

"பேசாம பாரும்மா" என்று அப்பாவை ஒரு படம் எடுத்து, பின்னால் இருந்த திரையைக் காட்டினேன். அப்பாவின் முகம் முழுசாக இருந்தது, மீசையில் ஒட்டியிருந்த காப்பி வரைக்கும் தெரிந்தது. அம்மா கேமராவைத் திருப்பிக் கண்ணாடியைப் பார்த்தாள், பொட்டு இருந்தது. திரையைப் பார்த்தாள், இல்லை. வெங்காயக் கையாலேயே பொட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"இங்கிருக்குது. அங்க இல்லியே."

"உழுகாதும்மா. எப்பவுமே உழுகாது. அன்னிக்கும் உழுந்திருக்காது."

பிறகு நான் அப்பாவின் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னேன். பொட்டியைப் பிரித்ததை, முன்கண்ணாடி சுத்தமாக இருந்ததை, உள்ளே எண்ணெய் படிந்திருந்ததை. "நீங்க உட்ட ஆயிலுதாங்கப்பா. அம்மா பொட்டு இல்ல" என்று கடைசியில் கத்தியேவிட்டேன், அடுத்த காட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அப்பா தாடையைத் தடவினார்.

"ஆயிலு உட்டேன். உடலீன்னா அது ஓடியே இருக்காதே" என்றார். பிறகு ஏதோ பிடி கிடைத்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த ஆயிலும் உங்கம்மா மிசினு ஆயிலுதான?"

அம்மா சிரித்தாள். ஆல்பம் பார்க்க வந்தவர்கள் முன்னால் சிரித்த சிரிப்பு அல்ல இது, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடம்பு குலுங்கச் சிரித்தாள். "கேட்டியா சாமி, கேட்டியா! மறுபடியும் என்ற தலையிலயே வந்து நிக்குது பாரு" என்றாள். அப்பாவும் சிரித்தார், என்ன சொன்னோம் என்று தெரிந்து சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு மட்டும்தான் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் கழித்து ஒரு தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தவளுக்கு, அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை.

சிரிப்பு அடங்கியது. அம்மா இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள், உரிக்கவில்லை, கையில் வைத்திருந்தாள்.

"அப்ப, உன்ற சீருல நான் நடுவுலயே நின்னிருக்கலாமா சாமி?"

"நின்னிருக்கலாம்மா."

"அதுக்குப் பொறகு எடுத்ததுலயும்?"

"எல்லாத்துலயும்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். நான் எழுந்து, "வாம்மா, இப்ப எடுக்கறேன். களத்துல நடுவுல நில்லு, நீ மட்டும் நில்லு" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"இப்ப எதுக்கு?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கடைக்குப் போனபோது சரக்குத் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "அந்த மூஞ்சி இப்ப எங்கிருக்குது, நீ எடுக்கறதுக்கு."

சேலத்தில் நாங்கள் ரோல் வாங்கிய கடை இன்று இல்லை, கழுவிக் கொடுத்த ஸ்டுடியோ செல்போன் கடையாகிவிட்டது, அதற்காக நான் வருத்தப்படவில்லை. ரோல் வேண்டும் என்றால் இன்றைக்கும் பார்சலில் வருகிறது, பொட்டியும் இப்போது நன்றாக ஓடுகிறது. அன்று ஊரிலிருந்து ஆல்பத்தை எடுத்துவந்து, என் சிறுவயதிலிருந்து கல்லூரி வரைக்கும் ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். நான் வளர்கிறேன், தம்பி வளர்கிறான், அப்பாவின் நிழல் தரையில் விழுகிறது, மாமனுக்குத் தலை நரைக்கிறது. முதல் தாள்களில் பம்பரில் கை ஊன்றிச் சிரிக்கிற அம்மா, பிறகு யாருடைய தோளுக்குப் பின்னாலோ போகிறாள், என் சீரிலிருந்து அவள் இல்லவே இல்லை. ஆல்பத்தை மூடிவிட்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, என் சீரன்று அவசரமாக வந்து என்னை ஒட்டி நின்றவளை நினைத்துப் பார்த்தேன். பட்டின் கரும்பச்சை வருகிறது, என் தோளில் பட்ட அவளுடைய ஈரக் கை வருகிறது. முகம் வரும் இடத்தில் இன்றைய கிழவியின் முகம் வந்து நிற்கிறது, எவ்வளவு முயன்றாலும் அதுதான் வருகிறது. அன்றைக்கு அவள் இன்றைய என்னைவிட எவ்வளவோ சின்னவள். அன்றைக்குப் பார்க்க எப்படி இருந்தாள் என்று யாராவது கேட்டால், மகள் எனக்கே சொல்லத் தெரியவில்லை.